வலது கையைத் தூக்கி நிற்பவள்: நீலகிரிக் கற்களில் ஒரு தம்பதி

கோத்தகிரிப் பக்கத்திலும் மேலூர், சோலூர் வட்டாரத்திலும் இறந்தவர்கள் நினைவாக எழுப்பிய பழைய கல்திட்டைகள் உண்டு. மூன்று பக்கமும் நிமிர்த்தி வைத்த பலகைக்கற்கள், மேலே ஒரு மூடுகல், நாலாவது பக்கம் திறப்பு. குனிந்துதான் உள்ளே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மற்ற மலைகளில் கிடைக்கும் கல்திட்டைகள் பெரும்பாலும் மொட்டைக் கற்கள். நீலகிரியின் சில திட்டைகளில் உட்பக்கக் கல்லில் சிற்பம் இருக்கிறது. மாடு, குதிரைமேல் வீரன், கைகோத்து ஆடுகிற வரிசை, வேட்டை என்று பலதும் வரும். இவற்றோடு ஒரு தம்பதியும் வருவதுண்டு. அவன் கையில் ஆயுதம், பக்கத்தில் அவள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்ததும் ‘ராஜா ராணி’ என்பார்கள். கொஞ்சம் கற்பனை உள்ளவர்கள் காதல் சின்னம் என்று பெயர் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டும் இல்லை. அவளுடைய வலது கையைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

மேல்கை பக்கவாட்டில் நீண்டு, முழங்கையில் மடங்கி, முன்கை நேர் மேலாக நிற்கும். உள்ளங்கை நம்மைப் பார்த்து விரிந்திருக்கும். மணிக்கட்டில் வளையல். முகத்தில் கண் மூக்குக்கூடச் சரியாக இல்லாத கற்களிலும் இந்த வளையலை மட்டும் சிற்பி விட்டிருக்க மாட்டான். இடது கையில் எலுமிச்சம்பழமோ சிறிய குடுவையோ இருக்கும். இது ஆசீர்வாதக் கை அல்ல. கணவன் செத்தபின் அவனுடைய சிதையில் ஏறியவள் என்பதற்கான முத்திரை. வளையல் உடையவில்லை, ஆகவே அவள் தாலியறுக்கவில்லை, சுமங்கலியாகவே போய்ச் சேர்ந்தாள் என்று ஊருக்குச் சொல்கிற கை. இந்த வகைக் கற்கள் சிலவற்றில் பெண்ணின் உடம்புகூட இருக்காது. ஒரு தூண், தூணிலிருந்து நீளும் ஒரு கை, அவ்வளவுதான். கன்னட நாட்டில் இதை மாஸ்திகல் என்பார்கள். தமிழில் மாசதிக்கல், சதிக்கல். சில ஊர்களில் அவளே தீப்பாஞ்சம்மன் ஆகி, ஆடி மாதம் கூழ் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவனையும் பார்த்துவிடலாம். தலைமுடி ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை, இடுப்பில் குறுவாள், கையில் வாளோ வில்லோ. தலைக்கு மேலே சூரியனும் பிறைச் சந்திரனும் இருந்தால், அவை உள்ளமட்டும் இந்த நினைவும் இருக்கட்டும் என்று அர்த்தம். வசதியானவர்கள் நட்ட பெரிய கற்கள் மூன்று அடுக்காக இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை. நடுவில் தேவமகளிர் இரண்டு பக்கமும் தாங்கி அவனை மேலே கொண்டுபோவது. உச்சியில் லிங்கமும் நந்தியும். கீழிருந்து மேலே படிக்க வேண்டிய கல் இது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஊரில், எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு சாவுப் பத்திரம் என்றுதான் இதைச் சொல்வேன். எப்படிச் செத்தான், அவள் என்ன செய்தாள், இருவரும் எங்கே போனார்கள் என்ற மூன்று செய்தியும் அதில் இருக்கின்றன. காதல் இருந்ததா இல்லையா என்பதைப் பற்றி அந்தக் கல் வாயே திறப்பதில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இந்த மலையில் காலங்காலமாக வாழ்கிற மக்களின் வழக்கத்தோடு சிதையேறுவது ஒட்டவே ஒட்டாது. தோடர்களிடம் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பெண்ணை மணக்கும் முறை இருந்தது. படுகர்களிடம் மணவிலக்கும் கைம்பெண் மறுமணமும் வெகு சாதாரணம். அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பேரகணியில் திருவிழாக் காணும் படுகர் தெய்வமான ஹெத்தையம்மனின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பழைய வடிவம் ஒன்றில் அவள் கணவனின் சிதையில் விழுந்தவள். இன்று பலர் வாயிலும் வழங்குகிற கதை வேறு. எப்படியானாலும் ஒரு தெய்வத்தின் கதையை வைத்துக்கொண்டு ஊர் முழுவதன் வழக்கத்தைச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் கல்லில் நிற்கிற தம்பதி யார்? கொண்டையையும் வாளையும் மூன்று அடுக்கையும் பார்த்தால் கை காட்டுவது வடக்கே, மாயாற்றுக்கு அந்தப் பக்கம். கன்னட நாட்டில் ஆயிரக்கணக்கில் நிற்கிற வீரக்கற்களின் அச்சு இது. சீகூர், மசினகுடி வழியாக மைசூர்ச் சீமைக்குப் போய் வந்த பாதை பழசு; அந்தத் தடத்திலும் வீரக்கற்கள் உண்டு. ஹொய்சாள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசமய்யன் தோடர்களை அச்சுறுத்தி, நீலமலைக்குள் நுழைந்து, அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினான் என்று சாமராஜநகரில் உள்ள 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. கல்வெட்டுப் பெருமையில் பாதியைக் கழித்துவிட்டாலும், அந்தக் காலத்தில் கீழேயிருந்து படைக்காரர்கள் மலைமேல் ஏறினார்கள் என்பது மிஞ்சும். ஏறியவர்களில் சிலர் தங்கினார்கள். தங்கியவர்கள் மாட்டுக்காகவும் எல்லைக்காகவும் சண்டையிட்டுச் செத்தார்கள். சாகும்போது தங்கள் ஊர் வழக்கப்படியே கல் நடச் செய்தார்கள். நீலகிரிச் சிற்பக் கற்களை ஹொய்சாளர் காலத்திலிருந்து விஜயநகரக் காலம் வரை வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

சிதையேறுவது கன்னட நாட்டுச் சரக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, தடுக்க வந்த சான்றோர்களை எதிர்த்துப் பாடிவிட்டு ஈமத்தீயில் இறங்கியதைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. அவளுக்குப் பேச வாய் இருந்தது. மலைக்கல்லில் நிற்பவளுக்குக் கை மட்டும்தான். விரும்பி ஏறினாளா, ஏற்றினார்களா என்று கேட்டால் அந்தக் கை பதில் சொல்லாது. கல்லை நட்டவர்கள் அவளுடைய பிறந்த வீட்டார் அல்ல.

நட்டதில் லாபமும் உண்டு. போரில் செத்தவன் குடும்பத்துக்கு நிலம் விடுவது பழைய முறை. தமிழில் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டுகளில் வரும். கன்னட நாட்டிலும் இதே ஏற்பாடு இருந்தது. கல் பொது இடத்தில் நின்றால் நிலத்தின் மேலுள்ள உரிமைக்கும் ஊரே சாட்சி. மனைவியும் தீயேறினாள் என்றால் குடும்பத்துக்கு ஒரு தெய்வமும் கிடைத்தது. கௌரவம் ஒரு படி கூடியது. இன்றைக்கு ஒரு தலைவரின் சிலையை நாற்சந்தியில் வைப்பதற்குப் பின்னால் என்னென்ன கணக்கு உண்டோ அதில் பாதியாவது அன்றும் இருந்திருக்கும்.

இனி செதுக்கியவனுக்கு வருவோம். நடுகல்லுக்கு ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பதற்கு ஓர் இடம், நீராட்டுவதற்கு ஓர் இடம், படையல் போடுவதற்கும் வாழ்த்துவதற்கும் இடம். உளி பிடித்தவனுக்கென்று ஒரு கட்டம் இல்லை. கண்ணகிக்குக் கல் எடுத்த கதையிலும் அப்படித்தான். செங்குட்டுவன் இமயத்துக்குப் போனது, கங்கையில் நீராட்டியது, கனகவிசயர் தலையில் ஏற்றியது எல்லாம் விலாவாரியாக வரும். செதுக்கியவன் பெயர் வராது.

சிற்பிகள் பெயர் போடாத காலம் அது என்றும் சொல்ல முடியாது. புனிசமய்யனின் கல்வெட்டு வெட்டப்பட்ட அதே 1117இல்தான் ஹொய்சாளர்களின் பேலூர் சென்னகேசவர் கோயில் குடமுழுக்குக் கண்டது. அங்கே பல சிற்பங்களின் அடியில் செய்தவன் பெயர் இருக்கிறது. பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜன், அவன் மகன் சாவணன் என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் தன் பெயரைத் திரும்பத் திரும்பப் பொறித்தான். ஒரே அரசின் ஆளுகை, ஒரே வகைத் தெய்வங்கள், ஒரே அணிகலன்கள். அங்கே பெயர் இருக்கிறது, மலையில் இல்லை. அங்கே கோயில், அரசன் செலவு, பார்க்க வருகிற அறிஞர் கூட்டம். இங்கே ஒரு குடும்பம், ஒரு சாவு, வேலை முடிந்தால் கூலி.

இன்னொரு வித்தியாசம் கல்லில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் எல்லாம் மாக்கல் வகை. வெட்டியெடுத்த புதிதில் நகத்தால் கீறினாலே தடம் விழுகிற அளவுக்கு மென்மை. காற்றுப் பட்டுப் பட்டு இறுகும். அதனால்தான் அங்கே வளையலுக்குள் வளையலைத் தனியாக ஆடவிட முடிந்தது. நீலகிரி மேட்டுநிலம் முழுக்க சார்னோக்கைட் பாறை. குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் கருநிறக் கனிமங்களும் சேர்ந்து இறுகி, நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், உப்பும் மிளகும் தூவியது போலப் பொடிப்பொடியாக இருக்கும். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. கட்டடத்துக்கு ஜல்லி உடைக்கிறவர்களைக் கேட்டால் இதன் குணம் சொல்வார்கள். உளி பட்டால் வழுக்கும், பொறி பறக்கும், ஒரு செதில் பெயர்வதற்குள் முனை மழுங்கிவிடும்.

இந்தப் பாறைக்குப் பெயர் வந்த கதை தனி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில் செத்த ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்த கல், நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. 1890களில் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்த வகைப் பாறையை ஆராய்ந்தபோது அந்தக் கல்லறையை நினைத்து அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். அந்தச் சார்னாக்கைப் பற்றிப் பழைய பயணிகள் சொன்ன ஒரு கதை உண்டு. சிதையில் ஏற இருந்த ஓர் இந்து விதவையை வீரர்களை விட்டு மீட்டு, அவளையே மணந்துகொண்டான் என்று. கதை உண்மையோ பொய்யோ, சிதையிலிருந்து ஒருத்தியை இறக்கியவன் என்று பேர் வாங்கியவனின் பெயரைத் தாங்கிய பாறையில்தான் சிதையேறியவளின் கையை நீலகிரியில் செதுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு கடினமான கல்லில் எப்படி வேலை நடக்கும்? முதலில் பலகை வேண்டும். இந்தப் பாறை வெயிலிலும் பனியிலும் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும் குணம் உடையது. அந்த இயற்கை வெடிப்பைப் பார்த்து, மேலே நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் மேல் அடுக்கு கிளம்பிவிடும். கிளம்பாத இடத்தில் வரிசையாகக் குழி அடித்து ஆப்பு இறக்குவார்கள். பெயர்த்த பலகையைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். மணி போலக் கணீரென்றால் உள்ளே விரிசல் இல்லை. ஆண் கல், பெண் கல் என்று தச்சர்கள் பிரிப்பதும் இந்த ஓசையை வைத்துத்தான். பிறகு காவியால் உருவத்தின் கோடு. கோட்டுக்கு வெளியே உள்ள தளத்தை ஊசி உளியால் கொத்திக் கொத்தி இறக்க வேண்டும். உருவம் தானாக மேலெழும், அதுதான் புடைப்பு. மாக்கல்லில் ஒரு சாண் ஆழம் போகிற நேரத்தில் இதில் ஒரு விரல் ஆழம் போனால் அதிகம். அதனால்தான் நீலகிரித் தம்பதி கல்லோடு ஒட்டினாற்போல, தட்டையாக நிற்கிறார்கள். உளியை அடிக்கடி தீட்டி, காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துத் துவைச்சல் போட வேண்டியிருக்கும். ஆகவே வேலை நடக்கிற இடத்துக்குக் கொஞ்ச தூரத்திலாவது ஒரு கொல்லுலை எரிந்தாக வேண்டும். மலையில் இரும்பு வேலை கோத்தர்களின் கைத்தொழில். தோடருக்கும் படுகருக்கும் கத்தி, கோடரி அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இந்தச் சிற்பங்களைப் பற்றி எழுதியவர்களில் பலர் ‘முரட்டு வேலை’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சிற்பி எங்கே நேரம் செலவழித்தான், எங்கே கைவிட்டான் என்று பார்க்க வேண்டும். முகத்தை விட்டுவிட்டான். துணி மடிப்பை விட்டுவிட்டான். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வேலையை மிச்சம் பிடித்தான், நேராகக் காட்டினால் ஆழம் வேண்டுமே. ஆனால் கொண்டை, வாள், தூக்கிய கை, விரிந்த விரல்கள், வளையல் ஆகியவற்றில் கை குறைக்கவில்லை. எது இல்லாவிட்டால் கல்லைப் படிக்க முடியாதோ அதையெல்லாம் செய்திருக்கிறான். உளியின் கூலியும் கல்லின் கடினமும் தெரிந்தவனின் கணக்கு இது. தெரியாமல் செய்த வேலை இப்படி இருக்காது.

பழனி மலைப் பக்கம் கதை தலைகீழ். தாண்டிக்குடி வட்டாரத்துக் கல்திட்டைகளை ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் ஆராய்ந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அங்கே தம்பதிச் சிற்பத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் அந்த மலைக்குத் தெற்கே வைகைப் பள்ளத்தாக்கில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், 2006இல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் கண்டவை. தமிழ் பிராமி எழுத்தில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று ஒரு கல் சொல்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டையில் இறந்த அந்தவனின் கல். (கூடலூர் என்றதும் நீலகிரிக்காரர்கள் கொடி தூக்க வேண்டாம், இது கம்பம் பக்கத்துக் கூடலூர் என்பார்கள்.) கி.மு. 4ஆம், 3ஆம் நூற்றாண்டுக் காலம் என்று கண்டெடுத்தவர்கள் மதிப்பிட்டார்கள். அந்தக் கற்களில் உருவம் கிடையாது, பெயர் மட்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்து நீலகிரியில் உருவம் மட்டும் நிற்கிறது, பெயர் பெரும்பாலும் இல்லை. அந்தவனுக்கு முகம் இல்லை, ஆனால் அவன் யாரென்று நமக்குத் தெரியும்.

பெயரில்லாத கல்லுக்கு எவரும் சொந்தக்காரர் ஆகலாம், ஆகியும் இருக்கிறார்கள். ‘மோரியர் வீடு’ என்று இந்தத் திட்டைகளுக்கு மலையில் ஒரு பெயர் உண்டு. பாண்டவர் வீடு என்பாரும் உண்டு. குறும்பர்கள் தங்கள் முன்னோர் கட்டியவை என்று உரிமை கொண்டாடினார்கள். ஆற்றில் உருண்டு வழவழப்பான நீளக் கூழாங்கல் ஒன்றை எடுத்து, இறந்தவருக்காகப் பழைய கல்திட்டைக்குள் வைப்பது அவர்கள் வழக்கமாக இருந்தது. சில திட்டைகள் மூடுகல் வரைக்கும் இப்படிக் கற்கள் நிறைந்து கிடந்ததை 19ஆம் நூற்றாண்டில் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். கன்னடப் படைக்காரன் ஒருவனுக்கும் அவன் மனைவிக்கும் நட்ட கல் குறும்பர்களின் மூதாதையர் வீடாக ஆனதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முதலில் நட்டவர்களின் வாரிசுகள் எங்கே போனார்களோ, பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். கோத்தகிரி அருகே பனகுடிச் சோலை இன்னும் வெட்டுப்படாமல் இருப்பதற்கும் அங்கே குறும்பர்களின் வழிபாடு நடப்பது ஒரு காரணம்.

இப்படிப் பதிந்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். உதகையில் இருக்கிற பிரீக்ஸ் பள்ளிக்கூடம் அவர் நினைவாக எழுந்தது. கல்கத்தா அருங்காட்சியகத்துக்காக மலை மக்களைப் பற்றியும் பழஞ்சின்னங்களைப் பற்றியும் தகவல் திரட்டும் வேலை 1871இல் அவருக்கு வந்தது. கற்குவைகளைத் தோண்டினார், சிற்பக் கற்களுக்குப் படம் எடுக்கச் செய்தார். 1872இல், எழுத்து வேலை முடியுமுன், செத்துப்போனார். மிச்சத்தைச் சரிசெய்து 1873இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி சூசன் மரியா. சென்னை கவர்னராக இருந்த டெனிசனின் மகள் இவர். சிதையேறிய மனைவிகளின் கற்களைப் பற்றி நமக்குக் கிடைத்த விரிவான நீலகிரிப் பதிவு, புருஷன் விட்டுப்போன வேலையை உட்கார்ந்து முடித்த ஒரு விதவையின் கையால் வந்தது. சென்னை மாகாணத்தில் உடன்கட்டை தடைசெய்யப்பட்டது 1830இல். அதற்கும் இந்தப் புத்தகத்துக்கும் இடையே 43 ஆண்டுகள்தான்.

பிரீக்ஸ் பார்த்த கற்களில் சில இன்று தேயிலைத் தோட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. தோட்டம் போட்டவர்களுக்குக் கல்பலகை என்றால் வாய்க்கால் பாலம், துணி துவைக்கும் கல். புதையல் இருக்கும் என்று தோண்டிக் கவிழ்த்தவர்களும் உண்டு. கும்பிடப்படுகிற கற்களுக்கு வேறு ஆபத்து. எண்ணெயும் மஞ்சளும் பூசுவதால் இந்தப் பாறைக்குப் பெரிய சேதம் இல்லை, மேலே ஒரு கரும்படலம் கட்டும், அவ்வளவுதான். ஆயில் பெயிண்ட் அப்படியல்ல. ஒரு விரல் ஆழமே உள்ள புடைப்பில் நாலு பூச்சுப் பெயிண்ட் ஏறினால் வளையல் கோடுகள் மூடிப்போகும். பெயிண்டை எடுக்கிறேன் என்று உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்தால் இன்னும் மோசம், கோட்டோடு சேர்ந்து போய்விடும். திட்டையைச் சுற்றிச் சிமெண்ட் மண்டபம் எழுப்பி டைல்ஸ் ஒட்டுகிற ஊர்களில், பக்கக் கற்கள் பாதி சிமெண்டுக்குள் புதைகின்றன.

தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசு அறிவித்தால்தான் முழுக் காவல் கிடைக்கும். ஊர்ப்பக்கம் இப்படி ஒரு கல்லைப் பார்க்கிறவர்கள் செய்யக்கூடியது இது: காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள், உச்சிவெயிலில் இந்தத் தட்டைப் புடைப்பு ஒன்றுமே தெரியாது. சுண்ணாம்புக் கட்டியால் கோட்டை ஓட்டிக் காட்டாதீர்கள். கல்லை நகர்த்தாமல், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதையும் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ எழுத்தில் கொடுங்கள். எழுதும்போது ‘ராஜா ராணி சிலை’ என்று எழுத வேண்டாம். ஆணின் ஆயுதம், பெண்ணின் எந்தக் கை மேலே இருக்கிறது, அதில் எத்தனை வளையல் என்று எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு அது என்ன கல் என்று உடனே புரிந்துவிடும்.